வெளியில் பூட்டிய சலவைக்கூடம்

கைசர் ஜஹான் கிண்டிக்குப் போனது ஒரு சாதாரணப் புகாரோடுதான். அடையாற்றில் ஓர் ஆஸ்பத்திரிக்கு அவளுடைய கம்பெனி அனுப்பும் படுக்கை விரிப்புகளில் கொஞ்ச நாளாக ஈர வாடை அடித்தது. ஆஸ்பத்திரிகளுக்கும் ஆபீஸ்களுக்கும் துப்புரவு, சலவை எல்லாம் ஏற்றுச் செய்யும் கம்பெனி அது. தி. நகரில் ஒரு மாடியில் நடந்தது. சலவையை மட்டும் நாகபூஷணம் என்கிற காண்டிராக்டரிடம் விட்டிருந்தார்கள். கைசர் கம்பெனியில் மேற்பார்வையாளர். இத்தனை வருஷத்தில் வெளுத்து வந்த துணியைத்தான் அவள் பார்த்திருக்கிறாள். வெளுக்கிற இடத்தைப் பார்த்ததில்லை.

தொண்ணூற்றேழாம் வருஷம், ஆவணி மாதம். சொல்லாமல் கொள்ளாமல் ஆட்டோ பிடித்துப் போனாள். தொழிற்பேட்டைக்குப் பின்னால் ஒரு பெரிய ஷெட். இரும்புக் கதவில் வெளிப்பக்கம் பூட்டுத் தொங்கியது. உள்ளே மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. ஆள் இல்லாமல் மெஷின் எப்படி ஓடும் என்று அவள் திகைத்து நிற்கையில், டீக்கடையிலிருந்து காவல்காரன் ஓடி வந்து கதவைத் திறந்துவிட்டான். திறந்த கையோடு நாகபூஷணத்துக்குப் போன் போட ஓடினான்.

உள்ளே ஆவியும் சோப்பு நெடியும் மூச்சை அடைத்தன. பெண்கள் வரிசையாக நின்று துணி அலசிக்கொண்டிருந்தார்கள். யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. ஈரத் தரையில் கால் வழுக்க, கைசர் வாய்க்குள்ளேயே உருதுவில் ஏதோ முனகிக்கொண்டாள். அது பக்கத்தில் விரிப்பு மடித்துக்கொண்டிருந்த ஓர் இளம்பெண்ணின் காதில் விழுந்தது. மடிப்பதை நிறுத்தாமல், தலையைத் தூக்காமல், அவளும் உருதுவிலேயே அக்கா என்று கூப்பிட்டுக் கேட்டாள்.

"ஆபா, இது எந்த ஊரு?"

கைசருக்கு முதலில் புரியவே இல்லை. தான் இருப்பது எந்த ஊர் என்றே இந்தப் பெண்ணுக்குத் தெரிந்திருக்கவில்லை.

அந்தப் பெண்ணின் பெயர் அஸ்மத்துன்னிசா. ராய்ச்சூர்ப் பக்கம் ஒரு கிராமம். பெங்களூரில் வேலை என்று முன்பணம் கொடுத்து, புருஷன் மெஹபூப் அலியையும் அவளையும் லாரியில் ஏற்றி வந்திருக்கிறார்கள். வந்த அன்றே இரண்டு பேரையும் பிரித்து வேறு வேறு ஷெட்டில் போட்டுவிட்டார்கள். ஒருவரை விட்டு ஒருவர் ஓடமாட்டார்கள் என்று கணக்கு. இரண்டு ரம்ஜான் இந்தச் சுவருக்குள்ளேயே கழிந்துவிட்டது. முன்பணம் எப்போது கழியும் என்று கேட்டவளுக்கு அடிதான் கிடைத்தது.

காவல்காரன் திரும்பி வரும் சத்தம் கேட்டது. கைசர் சட்டென்று தமிழுக்கு மாறி, துணி ஏன் ஈரமாக வருகிறது என்று எல்லோர் மேலும் எரிந்து விழுந்தாள். அப்படியே வெளியே வந்தாள். அவள் தெரு முனை தாண்டுவதற்குள் கதவு மறுபடி பூட்டப்பட்டது.

கம்பெனி முதலாளி அனந்தராமன் மயிலாப்பூர்க்காரர். எதற்கும் அதிர்ந்து பேசாதவர். நேரே வீட்டுக்கு வந்து கைசர் சொன்னதை முழுதும் கேட்டுவிட்டு, சத்தமில்லாமல் வேறு காண்டிராக்டருக்கு மாற்றிவிடலாமே என்றார்.

"மாத்தலாம் சார், ஆனா அந்தப் பொண்ணுங்க உள்ளேயேதான் இருப்பாங்க" என்றாள் கைசர். "அவன் கொடுத்த ரேட்டுக்கு ஒழுங்கா சம்பளம் கொடுத்து யாராலயும் துவைச்சுத் தர முடியாது. அது நமக்குத் தெரியும். எப்படி முடியுதுன்னு ஒரு நாளாவது கேட்டோமா?"

 அவர், "நானும்னா இதுக்குக் காரணமா இருந்திருக்கேன்" என்று மட்டும் சொல்லி, சட்டையை மாட்டிக்கொண்டு அவளோடு கிளம்பினார்.

வருவாய்த் துறை அதிகாரி ஸ்ரீனிவாசராகவன் பொறுமையாகக் கேட்டார். இது கொத்தடிமை முறைதான், விடுவிக்கச் சட்டத்தில் இடமிருக்கிறது என்றார். ஆனால் வேலை செய்கிறவர்கள் தங்கள் வாயால் சொல்ல வேண்டும், அதுவும் காண்டிராக்டர் பக்கத்தில் இல்லாமல். கம்பெனிக் காகிதங்களில் நாகபூஷணத்துக்கு வடபழனியில் இன்னொரு ஷெட் இருந்தது; கிண்டிக்குப் போய் நின்றால் அங்கே இருப்பவர்களை இரவோடு இரவாக அவன் ஊர் கடத்திவிடுவான் என்பதுதான் அவருக்கும் பயம்.

அவனே எல்லோரையும் கூட்டி வரட்டும் என்றாள் கைசர்.

நாகபூஷணத்துக்குப் போன் போனது. ஆஸ்பத்திரி கேட்கிறது, விரிப்பைத் தொடுகிற ஒவ்வொருவருக்கும் தி. நகர் ஆபீஸில் உடம்புப் பரிசோதனை நடக்க வேண்டும், இல்லாவிட்டால் சலவை வேலை கைமாறும் என்று. ஆஸ்பத்திரி டாக்டரம்மா ஒருவரும் நிஜமாகவே வரச் சம்மதித்திருந்தார்.

"இன்னா மேடம், துணிய டெஸ்ட் பண்றது போயி ஆள டெஸ்ட் பண்ணுவாங்களா? ஒரு பத்து பேர இட்டாந்தா போதாது?" என்று அவன் முனகினான்.

"ஒரு ஆள் குறைஞ்சாலும் துணிய உள்ள விடமாட்டாங்க. வடபழனி ஷெட்டையும் சேர்த்துத்தான்" என்றாள் கைசர். 

சொன்ன நாளில் பெண்களின் வேன் வந்தது. ஆண்களின் வேன் வரவில்லை. நாகபூஷணத்தை அனந்தராமன் தன் அறையில் உட்கார வைத்து, காபி கொடுத்து, அடுத்த வருஷத்து ரேட்டைப் பற்றி இழுத்து இழுத்துப் பேசிக்கொண்டிருந்தார். பின்கூடத்தில் டாக்டரம்மாவைப் பார்த்துவிட்டு வந்த பெண்கள் ஒவ்வொருவராக அதிகாரியின் முன்னால் உட்கார்ந்தார்கள். ஒரு குறையும் இல்லை என்றாள் ஒருத்தி. அடுத்தவளும் அதையே சொன்னாள். 

அஸ்மத் வந்தாள். அவள் பேச்சை அதிகாரிக்குத் தமிழில் சொல்ல கைசர் கூடவே உட்கார்ந்திருந்தாள். ஆனால் அஸ்மத்தின் கண் வாசலை விட்டு அகலவில்லை. புருஷன் இன்னும் வரவில்லையே, நான் வாயைத் திறந்தால் அவரை என்ன செய்வார்களோ என்று கேட்டாள்.  கைசர் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கீழே ஹாரன் சத்தம் கேட்டது. படியில் தடதடவென்று ஆண்கள் ஏறி வந்தார்கள். கடைசியாக, சுவரைப் பிடித்தபடி, எலும்பும் தோலுமாக ஒருவன். அஸ்மத் எழுந்து நின்றாள். மெஹபூப் அவளைப் பார்த்துவிட்டான்.  அவள் மறுபடி உட்கார்ந்து, அதிகாரியை நேராகப் பார்த்தாள்.

"எங்களை அடைச்சு வெச்சிருக்காங்க. எழுதிக்கோங்க."

அதற்கப்புறம் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. ஒன்றுமில்லை என்றவர்களும் திரும்பி வந்து சொன்னார்கள். ஒருத்தி முதுகைத் திருப்பிக் காட்டினாள். ஏதோ நடக்கிறது என்று மோப்பம் பிடித்த நாகபூஷணம் கீழே இறங்கப் பார்த்தான். படியடியில் அதிகாரி வரவழைத்த போலீஸ்காரர்கள் நின்றிருந்தார்கள்.

சாயங்காலம் விடுதலை உத்தரவு கைக்கு வந்தது. முன்பணம் ஒரு பைசா திருப்ப வேண்டாம், ஊருக்குப் போக அரசாங்கமே ஏற்பாடு செய்யும் என்று ஸ்ரீனிவாசராகவன் சொன்னதை, கைசர் இரண்டு தடவை உருதுவில் சொல்ல வேண்டியிருந்தது. அஸ்மத் அப்போதுதான் அழுதாள். கொஞ்சம் அடங்கியதும், கீழே தெருவில் போய் நிற்கலாமா என்று கேட்டாள். யாரையும் கேட்கத் தேவையில்லை என்றாள் கைசர்.

புருஷனும் பெண்டாட்டியும் படியிறங்கிப் போனார்கள். அனந்தராமன் ஜன்னலருகே நின்றுகொண்டார்.

"பஸ்ஸும் லாரியுமா வரதே, யாராவது கூடப் போகணுமோ?" என்றார்.

"வேண்டாம் சார். அவங்களே வருவாங்க."

இரண்டு பேரும் பனகல் பார்க் வரைக்கும் நடந்து, அங்கே ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்துவிட்டு, வெற்றிலைக் கடைக்காரரிடம் வழி கேட்டுத் திரும்பி வந்தார்கள்.

மறு மாதமே அனந்தராமன் சலவைக்கென்று சொந்தமாக இடம் பிடித்தார். ஆஸ்பத்திரி கூடுதல் ரேட்டுக்கு முகம் சுளித்தது, பிறகு ஒப்புக்கொண்டது. ஊர் திரும்ப விரும்பாத சில பெண்கள் அங்கே சம்பளத்துக்குச் சேர்ந்தார்கள். சமையல், வேன், தோட்டம் என்று எந்தக் காண்டிராக்டர் வந்தாலும், கைசர் நினைத்த நேரத்தில் உள்ளே போய், அவன் இல்லாத இடத்தில் ஆட்களோடு பேசலாம் என்று ஒப்புக்கொண்டால்தான் வேலை. அந்தப் பேச்சிலேயே ஒருவன் எழுந்து போய்விட்டான். போனது நல்லதாயிற்று என்றார் அனந்தராமன்.

இதெல்லாம் பின்னால் நடந்தது. அன்றைக்கு, எல்லோரும் அரசு விடுதிக்குப் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தார்கள் என்று தகவல் வந்த பிறகுதான், காலையிலிருந்து ஒன்றுமே சாப்பிடவில்லை என்பது கைசருக்கு ஞாபகம் வந்தது. கொண்டுவந்த சாப்பாட்டு டப்பாவைத் திறந்தாள். சோறு ஆறி விறைத்திருந்தது. கடைசிப் பருக்கை வரை ருசித்துச் சாப்பிட்டாள்.