மூன்று தரம் போட்ட கல்

அந்தக் கல்லை நான் மூன்று தரம் போட்டேன். மற்றக் கற்கள் எல்லாம் முதல் தரத்திலேயே வழிக்கு வந்துவிட்டன. இது ஒன்றுதான் முரண்டு பிடித்தது. முரண்டு பிடிக்கிற எதையும் சும்மா விடுகிற ஆள் நானில்லை. என் புத்தியே அப்படி.

ஆரையம்பதியில் தண்ணீர் மோட்டர், மின்விசிறி, மாவரைக்கிற மெஷின் என்று சுற்றுகிற சாமான் எதுவானாலும் திருத்துவேன். பெயர் சதீசன். என் மனைவி வதனி இரண்டு வருடமும் எட்டு மாதமும் சவூதியில் ஒரு வீட்டில் வேலை செய்துவிட்டு, போன தை மாதம் திரும்பி வந்தாள். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அரைகுறையாக நின்ற வீட்டுக்குக் கூரை போடத்தான் போனாள். கூரை போட்டாயிற்று.

அவள் வந்த அன்று சொந்தக்காரர் எல்லாம் கூடியிருக்கப் பெட்டியைத் திறந்தோம். கம்பளி, பால்மா, வாசனைச் சவர்க்காரம், அவற்றுக்கு அடியில் ஒரு பிஸ்கட் டின். தூக்கினால் கை இறங்குகிற பாரம். நகையாக்கும் என்று என் மாமி வாயைப் பிளந்துகொண்டு கிட்டே வந்தார். திறந்தால் கல்லு. மாரி காலத்தில் வீட்டுக்காரர் பாலைவனத்தில் கூடாரம் அடித்துத் தங்கப் போகும்போது இவளையும் சமைக்கக் கூட்டிப் போவார்களாம். அங்கே பொறுக்கியவை. தேன் நிறம், ஈரல் நிறம், வரி ஓடினது, புள்ளி விழுந்தது என்று ஒரு நூறு இருக்கும்.

"சவூதியில மலை ஒண்டு குறைஞ்சிருக்குமே!" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். வதனியும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே டின்னை மூடி அலுமாரிக்குக் கீழே தள்ளிவிட்டாள். அந்தப் பகிடியை நினைத்தால் இப்போது எனக்கு என் வாயிலேயே போட வேண்டும் போலிருக்கிறது.

ஆவணியில் அவளுடைய தங்கை துசாந்தினிக்கு மண்டூரில் குழந்தை பிறந்தது. பிள்ளைப்பேற்றுத் துடக்குக் கழியும்வரை முப்பத்தொரு நாள் கூட இருந்து பார்க்க வதனி போனாள். தனியே இருந்த எனக்கு அந்த டின் ஞாபகம் வந்தது. கல்லை வீட்டிலேயே உருட்டி மினுக்குவதைப் போனில் பார்த்திருந்தேன். ஒரு வாளிக்குள் கல்லும் தண்ணீரும் கல்லைத் தேய்க்கிற தூளும் போட்டு மூடி, நாள்கணக்காக உருளவிட வேண்டும். தூளைப் படிப்படியாக மென்மையாக்கிக்கொண்டே போனால் கடைசியில் கண்ணாடி மாதிரி வரும். ஒரு மாத வேலை. என்னிடம் இருந்ததும் ஒரு மாதம். அவள் திரும்பி வரும்போது மேசையில் மினுமினுக்கப் பரப்பி வைத்தால், அன்றைக்கு விட்ட பகிடிக்கு அது ஈடாகும் என்று நினைத்தேன்.

பழைய சலவை மெஷின் மோட்டரைக் கழற்றி, வேகத்தைக் குறைத்து, இரண்டு பெயின்ற் வாளிகளை உருளைமேல் படுக்கவைத்தேன். உள்ளே லொறி டியூப் வெட்டி ஒட்டினேன். தூள் காத்தான்குடியில் ஹமீட் நானாவின் ஹாட்வெயார் கடையில் கிடைத்தது. அவருடைய மச்சான் பேருவளையில் மாணிக்கம் பட்டை தீட்டுகிறவர் என்பதால் நானாவுக்கும் கொஞ்சம் விசயம் தெரியும்.

"தம்பி, ரெண்டு விசயம்," என்றார். "வலுவான கல்லோட மென்மையான கல்லக் கலக்காதீங்க, தின்னு போடும். மத்தது, ஒவ்வொரு தடவையும் கழுவிப் பாருங்க. கீறல் இருக்கிற கல்ல அடுத்த தூளுக்கு விடாதீங்க. திரும்பவும் முதல் தூளுக்கே போடுங்க. கீறலோட ஒரு கல்லு போனாலும் வேலை பாழ்."

இரண்டாவதை வேதவாக்காக எடுத்துக்கொண்டேன். முதலாவதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஐந்தாம் நாள் கழுவிப் பார்த்தேன். எல்லாக் கல்லும் மழமழவென்று இருக்க, கோழிமுட்டை அளவில் ஒரு மண்ணிறக் கல்லில் மட்டும் கீறல். ஒன்றிரண்டல்ல, சுற்றிவர. எங்கேயோ உரஞ்சுப்பட்டிருக்கிறது என்று நினைத்துத் திரும்ப முதல் தூளுக்குப் போட்டேன். பத்தாம் நாளும் தடம் தெரிந்தது. "உனக்கு நான் காட்டுறன்," என்று அதோடு பேசிக்கொண்டே தூளைக் கூட்டிப் போட்டேன். பதினைந்தாம் நாள் ஒரு கீறல் இல்லை. கல் கொட்டைப்பாக்கு அளவுக்குத் தேய்ந்திருந்தது. போனால் போகட்டும், சுத்தமாகிவிட்டது என்று சந்தோசப்பட்டேன். கடைத் திண்ணையில் ஒரு பிளேன்டீ குடித்ததுகூட ஞாபகம்.

இருபத்தாறாம் நாள் பின்னேரம் வதனி போன் எடுத்தாள். குழந்தையின் சளி, தங்கையின் சாப்பாடு எல்லாம் சொல்லிவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"இஞ்ச, ஒரு விசயம். அந்த டின்னுக்குள்ள கீறின கல்லு ஒண்டு கிடக்கு. மண் நிறம், முட்டைக் கணக்கு. அத எடுத்து சாமித்தட்டுல வையுங்க. முப்பத்தொண்டுக்கு வரக்குள்ள கொண்டு வாங்க."

எனக்குப் பின்னால் வாளி கடகடவென்று உருண்டுகொண்டிருந்தது.

"எதுக்கு?" என்றேன்.

"நேர்த்தி. ஊருக்கு உயிரோட வந்து சேர்ந்தா, மண்டூர்த் துறையில அந்தக் கல்ல ஆத்துல போட்டுத்துத்தான் முருகன்ட வாசலுக்கு வருவன் எண்டு வச்சது. வந்து எட்டு மாசம், இன்னும் செய்யல்ல. மனசுக்கு ஒரு மாதிரிக் கிடக்கு."

"அதுல என்ன கீறல்?"

"நாள்," என்றாள். "அது என்ன சத்தம் பின்னால?"

"மோட்டர் ஒண்டு," என்றேன்.

எனக்கு எல்லாம் அப்போதே விளங்கிவிட்டது. அவள் போன இரண்டாவது வருடம் நாலு மாதத்துக்குக் கிட்ட ஒரு போன்கூட வரவில்லை. ஏஜென்சிக்காரன் "வேலை கூட" என்றான். பிறகு ஒருநாள் எடுத்து, "போன் உடைஞ்சித்து," என்றாள். நான் நம்பினேன். நம்புவதுதான் எனக்கு வசதியாக இருந்தது. அதோடு நிற்காமல், என்னை இப்படித் தவிக்க விட்டாயே என்று அவளைத்தான் ஏசினேன். வந்த பிறகாவது என்ன நடந்தது என்று கேட்டேனா? கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவாளோ என்று பயம்.

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. மோட்டருக்குக் கம்பி சுற்றும்போது கணக்கு விட்டு மூன்று தரம் அவிழ்த்துச் சுற்றினேன். பின்னேரமானால் போன் அடிக்கும். "எடுத்து வச்சிட்டீங்களா?" என்பாள். "ஓம், ஓம்," என்பேன். ஒரு பொய்க்கு மேல் இன்னொரு பொய்.

தேய்ந்த கல்லை எடுத்துக்கொண்டு ஹமீட் நானாவிடம் ஓடினேன். முழுக் கதையையும் சொன்னேன். அவர் கல்லை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார்.

"தேஞ்சது தேஞ்சதுதான் தம்பி. கல்லென்ன றப்பரா, இழுத்து நீட்ட? பொண்சாதிட்டச் சொல்லிருங்க."

"நீங்க எண்டாச் சொல்லுவீங்களா நானா?"

தாடியைச் சொறிந்தார். "நான் எண்டா ஊரை விட்டே ஓடிருவன். ஆனா அது புத்தியில்லைதானே."

நானும் புத்தியாக எதையும் செய்யவில்லை. வேலை தொடங்க முதல் டின்னைப் போனில் ஒரு படம் எடுத்திருந்தேன். அதைப் பெருப்பித்துப் பார்த்தால் அந்தக் கல்லின் ஒரு பக்கம் மங்கலாகத் தெரிந்தது. கோடுகளை எண்ணினேன். நாற்பத்துமூன்று. மற்றப் பக்கத்தில் எத்தனை என்று கடவுளுக்குத்தான் வெளிச்சம். டின்னின் அடியில் அதே நிறத்தில் இன்னொரு கல் மினுக்காமல் கிடந்தது. அதை வைசில் இறுக்கி, மேலே பெரிய பல்பை எரியவிட்டு, அடிமட்டம் பிடித்து, இரும்பில் குறி போடும் ஊசியால் நாற்பத்துமூன்று கோடு கீறினேன். எண்ணெயும் கரியும் தேய்த்துப் பழசாக்கினேன். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. களவு செய்கிறவனுக்கு இப்படித்தான் இருக்கும் போல, கை வேலையில் இருக்கும்வரை பயம் தெரியவில்லை. விளக்கை அணைத்தேன்; உடனே திரும்பப் போட்டுக் கோடுகளை மறுபடி எண்ணினேன்.

முப்பத்தோராம் நாள் காலையில் சேர்ட்டின் பையில் பொய்க் கல்லும் காற்சட்டைப் பையில் தேய்ந்த கல்லுமாகப் புறப்பட்டேன். எதற்கு இரண்டையும் எடுத்தேன் என்று கேட்டால் எனக்கே தெரியாது. குருமண்வெளியில் மோட்டார் சைக்கிளோடு பாதையில் ஏறினேன். எங்களூரில் வாவியை ஆறு என்றும் அதைக் கடக்கிற மிதவையைப் பாதை என்றும்தான் சொல்வோம். அது அன்றைக்கு ஊர்ந்தது. அக்கரை வராமலே இருக்கக் கூடாதா என்று ஒரு நேரமும், கெதியாய் வந்து தொலைந்தால் என்ன என்று ஒரு நேரமும் தோன்றியது. பையிலிருந்த கல் நெஞ்சில் இடித்துக்கொண்டே வந்தது.

வதனி துறையிலேயே நின்றாள். விடியவே துடக்குக் கழித்து, தலைமுழுகி, ஈரத்தலையோடு வந்திருந்தாள். கையில் அர்ச்சனைத் தட்டு. என்னைக் கண்டதும் முதலில் கையைத்தான் நீட்டினாள்.

சேர்ட் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். அவள் அதைப் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு பெருவிரலால் ஒருதரம் தடவினாள். அவ்வளவுதான்.

"இது இல்ல."

"அதுதான் புள்ள. நல்லாப் பாரு."

"பாக்கத் தேவல்ல." குரலில் கோபம் இல்லை, அதுதான் என்னைக் கொன்றது. "அவங்க என்னப் பூட்டி வச்ச ஸ்டோர் அறைக்குள்ள லைட் இல்ல. நான் இருட்டுக்குள்ள தடவித் தடவிக் கீறினது. ஒண்டுக்கு மேல ஒண்டு ஏறித்தான் இருக்கும். இப்பிடி அடிமட்டம் வச்சமாதிரி நேரா வராது."

பக்கத்தில் பாதைக்கு நின்ற சனம் பார்க்கிறதே என்றுகூட நினைக்காமல் அப்படியே மணலில் குந்திவிட்டேன். வாளி, தூள், மூன்று தரம், படம், வைஸ் எல்லாம் சொன்னேன். மேசையில் பரப்பி வைத்து அவளைச் சிரிக்கவைக்க நினைத்ததையும் சொன்னேன். சொல்லும்போதே அது எவ்வளவு அற்பமாகக் கேட்டது என்றும் தெரிந்தது. கடைசியில் காற்சட்டைப் பையிலிருந்து அந்தக் கொட்டைப்பாக்கை எடுத்து நீட்டினேன்.

வாங்கிப் பெருவிரலால் தடவினாள். ஒரு பக்கம் தடவி, திருப்பி, மறுபக்கம் தடவினாள். பிறகும் திருப்பினாள். தேடுகிறாள் என்று தெரிந்தது. ஒன்றும் கிடைக்கவில்லை.

"கூந்தல் ஊசியால கீறினது," என்றாள். "ஊசி ரெண்டு முறிஞ்சி போச்சு."

அவள் கல்லை என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கினாள்.

"அழிச்சது நீங்கதான. நீங்களே போடுங்க."

செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினேன். முழங்கால், பிறகு இடுப்பு. அடியில் சேறு காலை இழுத்தது. கையை ஓங்கினேன்.

"சும்மா போடாதீங்க," என்றாள் கரையிலிருந்து. "கீறின நாளெல்லாம் எண்ணிப் போட்டுப் போடுங்க. நான் கேக்கோணும்."

எண்ணத் தொடங்கினேன். முதல் பத்தும் வாய்க்குள்ளேயே போயின. "கேக்கல்ல," என்றாள். சத்தமாக எண்ணினேன். கரையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். இருபது. முப்பது. ஒவ்வொன்றும் ஒரு முழு நாள் என்பது முப்பதுக்குப் பிறகுதான் எனக்கு உறைத்தது. காலையும் இல்லாத, பொழுது சாய்கிறதும் இல்லாத நாள். அப்போது நான் இங்கே கூரைக்கு ஓடு பார்த்துக்கொண்டிருந்திருப்பேன். நாற்பது. நாற்பத்தொன்று. நாற்பத்திரண்டு. நாற்பத்துமூன்று.

அதோடு நின்றுவிட்டேன். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

தண்ணீருக்குள் நின்றபடி திரும்பி அவளைப் பார்த்தேன். எட்டு மாதமாகக் கேட்காததை அப்போதுதான் கேட்டேன்.

"எத்தின நாள் வதனி?"

அவள் அர்ச்சனைத் தட்டைப் படியில் வைத்தாள். சேலையை முழங்காலுக்கு மேல் சேர்த்துப் பிடித்துக்கொண்டு தண்ணீருக்குள் ஒரு அடி வைத்தாள்.

"நாப்பத்தி நாலு," என்றாள். இன்னொரு அடி வைத்தாள். "நாப்பத்தி அஞ்சு."

நானும் அவளோடு சேர்ந்து சொல்லத் தொடங்கினேன். அது எந்த எண்ணில் நிற்கும் என்று எனக்குத் தெரியாது.