இரவல் வாங்கிய வண்டு

ஆய்வகத்தில் அவளை எல்லோரும் சோப்பு என்றுதான் கூப்பிடுவார்கள். ஒரு நாளைக்கு முப்பது தடவை கை கழுவுகிறவளை வேறு எப்படிக் கூப்பிடுவது? மேஜையைத் துடைத்த துணியையே இன்னொரு துணியால் துடைக்கிற ரகம். அப்பேர்ப்பட்டவளைப் பார்த்துத்தான், திங்கட்கிழமைக் கூட்டத்தில், தலைமை விஞ்ஞானி அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டார்.

"அது வண்டோட மரபணு இல்லம்மா. உன் கை அழுக்கு."

விஷயம் இதுதான். கல் மாதிரி கெட்டியான விதையைத் துளைத்து அதற்குள்ளேயே குடித்தனம் நடத்துகிற கடுகளவு வண்டை அவள் மூன்று வருடமாக ஆராய்கிறாள். மற்ற வண்டுகளுக்குச் செரிக்காதது இதற்கு மட்டும் எப்படிச் செரிக்கிறது? தேடியதில் ஒரு மரபணு அகப்பட்டது. பார்த்தால், அது பாக்டீரியாவுடையது! எந்தக் காலத்திலோ வண்டின் வயிற்றில் தங்கிய பாக்டீரியாவிடமிருந்து நழுவி, வண்டின் மரபணுக்களோடு ஒட்டிக்கொண்டு, பிள்ளை பேரன் என்று இறங்கி வந்திருக்க வேண்டும். அதன் தயவில்தான் இந்த வண்டுக் கூட்டமே பிழைக்கிறது என்பது அவள் எண்ணம்.

ஆனால் அவர்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. பூச்சியின் மரபணுக்களைப் படிக்கும்போது பாக்டீரியாவுடையது ஏதாவது தென்பட்டால், எங்கேயோ அழுக்குக் கலந்துவிட்டது என்று கணினியே கழித்துத் தள்ளிவிடும். யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. இந்த மகராசி திரும்பிப் பார்த்தாள். வெள்ளிக்கிழமைக்குள் நிரூபிக்காவிட்டால் வண்டு வேலை வேறொருவர் கைக்குப் போய்விடும் என்று தலைமை விஞ்ஞானி கறாராகச் சொல்லிவிட்டார்.

வீட்டுக்கு வந்து பொருமித் தீர்த்தாள். அவள் புருஷன் எலக்ட்ரீஷியன். பழைய சுவிட்ச் பெட்டி ஒன்றைப் பிரித்துப் போட்டபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டான். வேலை சரியில்லை என்று அடம்பிடிக்கிற ஆளிடம் தான் வாயே கொடுப்பதில்லை, மின்சாரம் வருகிறதா என்று பார்க்கிற டெஸ்டரை அந்த ஆள் கையிலேயே திணித்துவிடுவதாகச் சொன்னான்.

"உன் சாரையே செய்யச் சொல்லு. அப்புறம் யார் கைய குத்தம் சொல்வாரு?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் தூக்கம் போனது.

இரண்டு நாள் தயங்கிவிட்டு, வியாழக்கிழமை காலை அவரிடம் போய், சோதனையை அவரே செய்யச் சொல்லிக் கேட்டாள். கோபம் வரும் என்று பயந்தாள். அவருக்கோ ரோஷம் வந்தது; தானே செய்வதாக இறங்கிவிட்டார். மருந்துகளும் குழாய்களும் அவருடையவை. அவளுடையவை ஐந்து வண்டுகள் மட்டும். சோதனை எளிமையானது. நகலெடுக்கும் துண்டின் ஒரு முனையை வண்டின் சொந்த மரபணுவிலும் மறுமுனையைப் பாக்டீரியாவுடையதிலும் பிடிக்க வேண்டும். இரண்டும் ஒரே இழையில் ஒட்டியிருந்தால்தான் தட்டில் கோடு விழும். வெறும் அழுக்கென்றால் விழாது. பன்னிரண்டு வருடமாகக் குழாயைத் தொடாத மனுஷர், கையுறையைத் தலைகீழாக மாட்டப் பார்த்தார். வாசலில் நின்ற சோப்பு உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

மத்தியானம் தட்டை விளக்கொளியில் வைத்தார்கள். ஐந்து வண்டுக்கும் ஐந்து பளிச்சென்ற கோடுகள். ஒப்பிட்டுப் பார்க்க வண்டு போடாமல் வைத்த ஆறாவது குழாய்க்குக் கோடே இல்லை. அவளுக்கு அங்கேயே குதிக்க வேண்டும் போலிருந்தது.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி பார்த்தார். பிறகு தன் கணினியைத் திறந்து, இத்தனை வருடத்தில் பூச்சி பூச்சியாக அழுக்கு என்று கழித்துப் போட்ட கோப்புகளின் பட்டியலை எடுத்தார். திரை கீழே போய்க்கொண்டே இருந்தது. அவர் காது மடல் சிவந்துவிட்டது.

"இதுல எத்தன நிஜத்தத் தூக்கிப் போட்டேனோ தெரியலயே," என்றார். "தப்பு என்னுதும்மா. இத்தனையும் நீயே பாக்கறியா?"

அவள் எண்ணிப் பார்த்தாள்.

"நாப்பது பூச்சி இருக்கு, சார்."

"நாப்பத்தொண்ணு. உன் வண்ட விட்டுட்டியே."