திரும்பிப் போக மறுத்த நாற்பத்தொரு பக்கங்கள்

1

இந்தக் கதை என் வயிற்றெரிச்சலில் பிறந்தது. என் புத்தகம் ஒன்று பதினோரு நாள் தாமதமாக வந்தது. பக்க வடிவமைப்பாளரைப் போனில் பிடித்து ஒரு பிடி பிடித்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "வீட்டுல லினக்ஸ மாத்தினோம் சார். அப்புறம் திரும்பப் பழசுக்கே போனோம். அப்புறம் மறுபடியும்..." என்று இழுத்தார். கதை வாசனை அடித்தால் எனக்குக் கோபம் தங்காது. முழுக்கச் சொல்லச் சொன்னேன்.

[போனில் அவர் 'அவர்'. கதைக்குள் வந்ததும் 'அவன்'. கோபித்துக்கொள்ளமாட்டார்.]

2

முதல் தொடக்கம்: மழை பெய்துகொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள்

[அடித்துவிட்டேன். விசாரித்ததில், மழை பெய்யவில்லை.]

இரண்டாம் தொடக்கம்: கணினியை இயக்கும் லினக்ஸ் மென்பொருளில் இரண்டு வகை உண்டு. நிலைப் பதிப்பு ஒருமுறை வெளியானால் ஆண்டுக்கணக்கில் பெரிதாக மாறாது, ஓட்டைகளை அடைப்பதோடு சரி. உருளும் பதிப்பில் அன்றாடம் புதியது வந்துகொண்டே இருக்கும்.

[பாடப்புத்தகம் மாதிரி இருக்கிறது. இருக்கட்டும், இது தெரியாமல் மேலே போக முடியாது.]

மூன்றாவது, இதுதான்: அவன் மனைவி ஒரு மருத்துவமனையின் கணினிகளைப் பார்த்துக்கொள்பவள். அங்கே எல்லாம் ஆறு வருடமாக ஒரே நிலைப் பதிப்பு. யாராவது "புதுசு வந்திருக்காமே" என்று ஆரம்பித்தால், "வந்திருக்கட்டும்" என்று முடித்துவிடுவாள். வீட்டிலும் அதே சட்டம். ஆனால் அவனுடைய பழைய வடிவமைப்பு மென்பொருளில் கொம்பும் காலும் எழுத்தைவிட்டு விலகி நின்றன. வரி வரியாகக் கையால் நகர்த்திக்கொண்டிருந்தான். புதிய மென்பொருளில் அந்தத் தொல்லை இல்லை, ஆனால் அது நிலைப் பதிப்புக்கு வரவில்லை. அவன் வாய்விட்டுக் கேட்கவில்லை. கழுத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தான். அவளுக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை கணினியை உருளும் பதிப்புக்கு மாற்றிக் கொடுத்தாள்.

[இந்த இடத்தில் எனக்கு அவள்மேல் சந்தேகம். இவ்வளவு பிடிவாதக்காரி ஒரு கழுத்துவலிக்காகவா இறங்கிவருவாள்? அவனிடமே கேட்டேன். "அது ஆஸ்பத்திரியில இருக்கற அவ சார், வீட்டுல அவள நீங்க பாத்ததில்ல" என்றான்.]

3

மூன்று வாரம் அமோகமாகப் போனது. நாற்பத்தொரு பக்கம் முடிந்தது. இருபத்திரண்டாம் நாள் காலை வந்த புதுப்பித்தலுக்குப் பிறகு பிரிண்டர் ஊமையாகிவிட்டது. அவன் தாளில் எடுத்துச் சிவப்புப் பென்சிலோடு உட்கார்ந்தால்தான் பிழை பார்க்க முடியும். திரையில் அவன் கண்ணுக்கு ஒரு பிழையும் அகப்படாது.

"பழையபடியே ஆக்கிடேன்."

"நாலு நிமிஷம்" என்றாள். மாற்றுவதற்கு முன் பழைய நிலையை அப்படியே சேமித்து வைத்திருந்தாள். அதற்குத் திரும்பினாள். புதியது இடத்தை அடைக்கிறது என்று அதை அழித்தும் விட்டாள். பிரிண்டர் கடகடவென்று பேசியது. அவளுக்குப் பெருமை தாங்கவில்லை.

அவன் புத்தகத்தைத் திறந்தான். 'இந்தக் கோப்பு புதிய பதிப்பில் சேமிக்கப்பட்டது, திறக்க இயலாது' என்றது திரை.

4

ஆறு வருடம் ஒரே பதிப்போடு குடும்பம் நடத்தியவளுக்கு, கோப்புக்கும் வயது ஏறும் என்பது மறந்துபோயிருந்தது. கணினி மூன்று வாரம் பின்னால் போய்விட்டது. நாற்பத்தொரு பக்கங்கள் கூடவர மறுத்துவிட்டன.

[இங்கே ஒரு சண்டை எழுதினேன். அரைப் பக்கம். நன்றாகவே வந்தது. ஆனால் அப்படி நடக்கவில்லை.]

அவள் நாற்காலியைத் திருப்பினாள். "தப்பு என்னோடதுதான்" என்றாள்.

"இன்னொரு தடவ சொல்லு."

"ஏன்?"

"பதினாலு வருஷத்துல முதல் தடவ கேக்கறேன். சரியா காதுல விழல."

அவள் தலையணையை எடுத்து வீசினாள். பிறகு மறுபடி முதலிலிருந்து எல்லாவற்றையும் இறக்கி, உருளும் பதிப்புக்கே போனாள். மதியம்வரை ஆனது. கோப்பு திறக்குமா என்று இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். திறந்தது. நாற்பத்தொரு பக்கமும் அப்படியே இருந்தன. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. பிரிண்டர் மட்டும் மறுபடி வாயை மூடிக்கொண்டது.

5

அன்றுமுதல் தினமும் சாயங்காலம் அச்செடுக்கப் பென் டிரைவை எடுத்துக்கொண்டு நாலு தெரு தள்ளியிருக்கும் ஜெராக்ஸ் கடைக்கு நடந்தார்கள். முதல் நாள் அவள் குற்ற உணர்ச்சியில் கூடப்போனாள். இரண்டாம் நாள் அவன் கூப்பிட்டான். மூன்றாம் நாள் யாரும் யாரையும் கூப்பிடவில்லை, இருவருமே கிளம்பியிருந்தார்கள். ஒரு நாளில் எடுத்திருக்கக்கூடிய பக்கங்களை நான்கைந்தாகப் பிரித்துப் பிரித்து எடுத்தார்கள். என் பதினோரு நாள் இப்படித்தான் போனது. தெரிந்ததும் சிரித்துவிட்டேன். இதைவிட நல்ல காரியத்துக்கு என் புத்தகம் உதவியதில்லை.

ஒன்பதாம் நாள் திரையில் ஒரு செய்தி: 'அறுபத்துநான்கு புதுப்பித்தல்கள் காத்திருக்கின்றன.' பட்டியலில் பிரிண்டருக்கானதும் இருந்தது. கடைசி அத்தியாயம் இன்னும் பாக்கி.

முடிவு அ: அவள் பொத்தானை அழுத்துகிறாள். பிரிண்டர் பேசுகிறது. புத்தகம் மறுநாளே முடிகிறது.

முடிவு ஆ: 'பிறகு' என்பதை அழுத்துகிறாள். பிரிண்டர் ஊமையாகவே இருக்கிறது.

[புத்தகத்தை எழுதியவனாக எனக்கு முதல் முடிவுதான் வேண்டும். இந்தக் கதையை எழுதுகிறவனாக எனக்கு]

என்ன செய்தாள் என்று நான் கேட்கவில்லை. இனியும் கேட்கமாட்டேன். அந்த நிமிடத்தில் பட்டியலை அவள் மட்டும்தான் பார்த்திருக்கிறாள். கை மௌஸின் மேல் இருக்கிறது. அவன் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறான்.

"வர்றியா?" என்கிறான்.

அவளுக்குப் பதிலாக நீங்கள் சொல்லுங்கள்.