யெஸ், ஆஃப் கோர்ஸ்

என் வீட்டுக்காரர் முத்துச்செல்வம் ரிட்டையர்டு சப் இன்ஸ்பெக்டர். சர்வீஸ் முழுக்க அவர் பேசிய இங்கிலீஷ் 'யெஸ் சார்' ஒன்றுதான். ஆனால் தென்காசியில் எங்கள் தெருவுக்கே இங்கிலீஷ் வாத்தியார் மாதிரி நடந்துகொள்வார். அந்த வீம்புதான் எங்களைக் கெடுத்தது.

அயர்லாந்தில் வேலை பார்த்த எங்கள் ஒரே மகன் விஜயசங்கர் கார் விபத்தில் போய்விட்டான். அங்கேயே எரித்தார்கள். அவன் மனைவி கிளேர் அந்த ஊர்ப் பெண். அஸ்தியைக் குற்றாலத்தில் கரைக்கத் தானே கொண்டு வருவதாகச் சொல்லியிருந்தாள். கிளம்புவதற்கு முன் இவருக்கு வாட்ஸப்பில் ஒன்று அனுப்பினாள். 'உட் யூ மைண்ட்' என்று ஆரம்பித்திருந்தது. அஸ்தியில் கொஞ்சம் தன்னோடு வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்கிறாளாம்.

"கட்டுன பொண்டாட்டி, அவளுக்கு இல்லாததா? சரின்னு போடுங்க" என்றேன்.

அந்தச் 'சரி'யை இங்கிலீஷில் எப்படிப் போடுவது என்று மனிதர் காபி ஆறிப்போகும்வரை உட்கார்ந்திருந்தார். 'ஓகே' டீக்கடையில் சொல்வது மாதிரி இருக்கிறதாம். 'ஃபைன்' போட்டால் நாம் சௌக்கியமாக இருக்கிறோம் என்றாகிவிடுமாம். 'ஷ்யூர்' சின்னப் பயல்கள் பேச்சாம். எழவு விழுந்த வீட்டில் இது என்ன ஆராய்ச்சி என்று எரிந்து விழுந்தேன். கடைசியில், மனசாரத்தான் சம்மதிக்கிறோம் என்று அவளுக்குத் தெரியட்டும் என்று 'யெஸ், ஆஃப் கோர்ஸ்' என்று அனுப்பினார். 'ஐ அண்டர்ஸ்டாண்ட்' என்று பதில் வந்தது. இவருக்கு ஒரே திருப்தி.

ஆனி மாதம் வந்தாள். குற்றாலத்தில் சித்தாற்றங்கரையில் சடங்கு முடிந்ததும் அஸ்திப் பெட்டியை இவர் கையில் கொடுத்தாள். கொடுத்த பிறகும் அவள் விரல்கள் அதைவிட்டு வர மறுத்தன. துக்கம், பாவம், என்று நினைத்துக்கொண்டேன். இவர் அத்தனையையும் கரைத்தார். சாரல் காலத்துத் தண்ணீர், கண்மூடித் திறப்பதற்குள் கொண்டு போய்விட்டது.

கரையேறியதும் என் அண்ணன் மகள் வித்யாலட்சுமியிடம், கிளேர் தனக்கென்று எடுத்ததைப் பத்திரமாக வைத்திருக்கிறாளா என்று கேட்கச் சொன்னேன். எதுவும் எடுக்கவில்லை என்றாள் கிளேர். மாமா கூடாது என்றாரே என்று செல்போனைக் காட்டினாள். வித்யா படித்தாள். அவள் முகம் மாறிவிட்டது.

"மாமா, அவ கேட்டது 'ஒங்களுக்கு ஆட்சேபம் உண்டா'ன்னு. நீங்க 'ஆமா, கண்டிப்பா'ன்னு போட்டிருக்கிய."

இவர் மறுபடி ஆற்றில் இறங்கினார். குனிந்து இரண்டு கையாலும் மணலை அள்ளி அள்ளிப் பார்த்தார். வித்யா நடந்ததை எடுத்துச் சொன்ன பிறகு கிளேர்தான் இறங்கிப் போய், அவர் கையைப் பிடித்துக் கரைக்குக் கூட்டி வந்தாள். ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை. திட்டியிருந்தாலாவது தாங்கியிருப்பேன். அவளுக்குத் தமிழ் தெரியாது என்று தெரிந்தும் கட்டிக்கொண்டு அழுதேன்.

"புள்ளைய முழுசா எங்களுக்கே தந்துட்டியே தாயி. ஒனக்குன்னு ஒரு துளிகூட நாங்க வைக்கலையே."