நிறை போதுமானது

பெப்ரவரி மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு, பிஸ்கட் இரண்டாக உடைந்துபோனதற்காகக் காத்தான்குடிப் பிரதான வீதியில் படுத்துக்கொண்ட நஸ்ஹா என்ற பிள்ளையை ஏழு ஆண்கள் சேர்ந்தும் தூக்க முடியவில்லை. அவளுக்கு அப்போது வயது மூன்றும் இரண்டு மாதமும். பதின்மூன்று கிலோ நிறையுள்ள பிள்ளை; அன்று காலைவரை தாய் றமீஸா அவளை இடுப்பில் வைத்துக்கொண்டே மீன் வாங்கி, தேங்காய் வாங்கி, தையற்காரியிடமும் போய் வந்திருந்தாள். உடைந்ததற்குப் பதிலாக முழுப் பிஸ்கட் ஒன்று கொடுக்கப்பட்டது. நஸ்ஹாவுக்கு அது வேண்டாம். உடைந்த அதே பிஸ்கட் உடையாததாக வேண்டும். கல்முனை பஸ் ஒன்று ஹோர்ன் அடித்துப் பார்த்துவிட்டு அவளைச் சுற்றிக்கொண்டு போனது. இறைச்சிக்கடையிலிருந்து இருவரும் முச்சக்கரவண்டித் தரிப்பிடத்திலிருந்து ஐவரும் வந்து தூக்கிப் பார்த்தார்கள். ஒருவருக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. கடைசியில், அதே வீதியில் சாரன் துணிக்கடை வைத்திருந்த தகப்பன் நிஸ்தாருக்கு ஆளனுப்பினார்கள். அவர் வந்து குனிந்து, மகளை ஒரு கையால் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார். "பஞ்சு மாதிரி இரிக்காள். இதுக்குப் போயா இவ்வளவு சனம்?" என்றார். கூடியிருந்தவர்கள் இடுப்புப் பிடித்தவரைப் பார்க்கவில்லை. றமீஸாவைப் பார்த்தார்கள்.

அதற்குப் பிறகு கிழமைக்கு நாலைந்து தடவை நஸ்ஹா பாரமானாள். வாழைப்பழத்தை உரித்துக் கொடுத்ததற்காக ஒருமுறை, உரிக்காமல் கொடுத்ததற்காக ஒருமுறை. தனக்கு முன்பே உம்மா கதவைத் திறந்ததற்காக. பூனை தன்னோடு பேசாததற்காக. குளியலறையில் பாரமானபோது தரையில் பதித்த மாபிள் மூன்று வெடித்தன. கூடத்தில் அவள் படுத்த அச்சிலேயே சீமெந்து இரண்டு அங்குலம் இறங்கியது. நிஸ்தார் மேசனைக் கூப்பிட்டு, கலவையில் மண் கூடிவிட்டதென்று சண்டை பிடித்தார். மேசன் அச்சைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார், திரும்பப் பூசிவிட்டுப் போனார். நிஸ்தார் வீட்டில் இருக்கும்போது அவள் ஒருநாளும் பாரமானதில்லை. கடை காலை எட்டரைக்குத் திறந்து இரவு ஒன்பதுக்குப் பூட்டுகிற கடை என்பதால், அவர் வீட்டில் இருக்கும் நேரம் அவ்வளவு நீளமானதுமல்ல.

றமீஸாவை முதலில் நம்பியது ஒரு தராசு. மர்சூக் ஹாஜியாரின் நெல் ஆலைக்கு அவள் மா அரைக்கப் போயிருந்தபோது, லொறி நிறுக்கும் இரும்புத் தட்டில் தனக்கு முன் லொறி ஏறிவிட்டதென்று நஸ்ஹா அங்கே படுத்துக்கொண்டாள். ஹாஜியார் லொறியை இறக்கச் சொல்லிவிட்டுத் திரும்பப் பார்த்தார். ஆயிரத்து இருநூற்று அறுபது கிலோ. அவர் மனிதர்களைவிடத் தராசை நம்புகிறவர். மறுபேச்சில்லாமல் நிறையை எழுதித் துண்டு அடித்துக் கொடுத்தார். நிஸ்தார் அந்தத் துண்டைப் படித்துவிட்டு, அந்தத் தராசுக்கு இந்த வருடம் முத்திரை வைத்திருக்க மாட்டார்கள் என்றார். கிளினிக்கில் நஸ்ஹா தராசிலேயே பாரமானாள். முள் இரண்டு சுற்றுச் சுற்றிக் கழன்று விழுந்தது. வளர்ச்சி அட்டையில் புள்ளி வைக்க இடமில்லாததால் குடும்பநல மாது மேசை விரிப்பில் ஒரு புள்ளி வைத்து, அட்டையில் 'நிறை போதுமானது' என்று எழுதி, நாளுக்கொரு முட்டை கொடுக்கச் சொன்னார். முன்பள்ளியில் பரீனா ரீச்சர், இப்படிக் கைகட்டி இருக்கிற பிள்ளையைத் தான் கண்டதேயில்லை என்றார். "வீட்டில கொஞ்சம் கண்டிச்சிப் பழக்குங்க" என்றும் சொன்னார். பள்ளிவாசலிலிருந்து ஓதிய தண்ணீர் வந்தது. சீனியை நிறுத்தச் சொன்னார்கள். நிறுத்தியதற்காக நஸ்ஹா இரண்டு மணி நேரம் பாரமாகக் கிடந்தாள்.

றமீஸா கெஞ்சிப் பார்த்தாள். கத்திப் பார்த்தாள். ஒருநாள் அடித்தாள், பாறையில் அடித்ததுபோல் உள்ளங்கை வீங்கிப்போய் இரண்டு நாளாகச் சோறு பிசைய முடியவில்லை. அன்று பின்னேரம் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். அதன் பிறகு ஒரு பை தயாராக வைத்துக்கொண்டாள்: ஒரு பாய், ஒரு குடை, தண்ணீர்ப் போத்தல், உரிப்பதற்குச் சின்ன வெங்காயம். பிள்ளை எங்கே படுத்தாலும் பக்கத்தில் பாயை விரித்து உட்கார்ந்து வெங்காயம் உரிப்பாள். பாரம் இறங்கியதும் நஸ்ஹா ஒன்றும் நடக்காததுபோல எழும்பி, "உம்மா, பசிக்கிது" என்று கழுத்தைக் கட்டிக்கொள்வாள். அந்த நேரம் அவளுக்குப் பதின்மூன்று கிலோகூட இராது. அதனால் றமீஸாவால் கோபத்தைக்கூட முழுதாக வைத்திருக்க முடியவில்லை. ஊர் பழகிக்கொண்டது. பஸ்கள் ஹோர்ன் அடிப்பதை விட்டுவிட்டன. அவள் உரித்த வெங்காயத்தை வாங்கிக்கொள்ள ஒரு சாப்பாட்டுக் கடை ஆளனுப்பியது.

அடுத்த வருடம் மார்ச்சில் றமீஸாவின் சீதன வயலில் வெள்ளாமை வெட்டு வந்தது. வயல் மண்டூருக்கு அப்பால், வட்டை என்கிற வயல்வெளியில் இருந்தது. நிஸ்தார் ஒருநாள் கடையைப் பூட்டிவிட்டுக் குடும்பத்தோடு புறப்பட்டார். குருமண்வெளித் துறையில், ஆட்களையும் மோட்டார் சைக்கிள்களையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கிற, 'பாதை' என்கிற தட்டையான படகில், மகளைத் தூக்கி ஏற்றினார். நஸ்ஹா நடு வாவி வரும்வரை யோசித்தாள். பிறகு, "நானே ஏறணும்" என்றாள். பிறகு படுத்தாள்.

பாதை ஒரு பக்கம் சாய்ந்தது. இருபத்திரண்டு பேருடைய செருப்புகளும் நனைந்தன. அன்னப்பூரணி என்ற பெண் தன் கோழிக்கூடையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தாள். நிஸ்தார் சிரித்துக்கொண்டே குனிந்து ஒரு கையால் தூக்கினார். பிறகு இரண்டு கையாலும். பிறகு முழங்காலில் நின்று தூக்கினார். மகள் அசையவில்லை. "றமீஸா, இவளுக்கு என்ன செஞ்ச?" என்று கேட்டார்.

முப்பத்தொரு வருடமாகப் பாதை ஓட்டுகிற நல்லரத்தினம் எஞ்சினை நிறுத்தினார். "தங்கச்சி, புள்ள என்ன கேக்கிது?"

"தானா ஏறணுமாம், அண்ணன். திரும்பிப் போனா எழும்பி அவளா ஏறிருவாள்."

"அப்ப திரும்புவம். தாழுறத விட அது நல்லம்தானே."

பாதை நீர்மட்டத்தோடு ஊர்ந்து கரைக்குத் திரும்பியது. நஸ்ஹா எழும்பி இறங்கினாள். ஒரு சாண் உயரப் படியில், இருபத்திரண்டு பேர் பார்த்திருக்க, தானாக ஏறினாள். கோழிகள் ஆறுதலடைந்தன. நிஸ்தார் மறுகரை வரும்வரை நனைந்த செருப்பை உதறிக்கொண்டிருந்தார். மண்டூரில் எல்லாரும் இறங்கும்போது, எல்லாருக்கும் கேட்க, "எல்லாம் நீ குடுக்கிற செல்லம். உன்ட வளர்ப்பு" என்றார்.

றமீஸா மணலில் பத்தடி நடந்தாள். பையை வைத்தாள். பாயை விரித்தாள். அதில் படுத்துக்கொண்டாள்.

நிஸ்தார் முதலில் கூப்பிட்டார், பிறகு கையைப் பிடித்து இழுத்தார். அவளுடைய தோளுக்குக் கீழே மணல் மெல்லத் தாழ்ந்தது. பாதையில் வந்த பெண்கள் நாலு பேர் சேர்ந்து தூக்கிப் பார்த்தார்கள். ஒரு விரலைக்கூட உயர்த்த முடியவில்லை. நெல் ஏற்ற வந்த ட்ரக்டர்காரர், கயிறு கட்டட்டுமா என்று கேட்டார். அன்னப்பூரணி அவரைப் பார்த்த பார்வையில், ட்ரக்டரை நிறுத்திவிட்டு இறங்கித் தேத்தண்ணி குடிக்கப் போய்விட்டார்.

நஸ்ஹா வந்து தாயின் முகத்தருகே குந்தினாள்.

"உம்மாக்கு என்ன வேணும்?"

அப்படியொரு கேள்வியை அந்த ஒரு வருடத்தில் யாரும் றமீஸாவிடம் கேட்டிருக்கவில்லை.

"ஒண்டும் வேணா மகள். ஒருத்தரும் ஒண்டும் கேக்காம கொஞ்ச நேரம் கெடக்கணும்."

"சரி" என்றாள் நஸ்ஹா. எழும்பி நின்று, துறையில் இருந்த எல்லாரையும் பார்த்து, "உம்மாட்ட ஒண்டும் கேக்காதீங்க" என்று கத்தினாள். பிறகு கோழிக்கு ஏன் கையில்லை என்றும், வாவி எப்போது முடியும் என்றும் கேட்கத் தொடங்கினாள். பதில் சொல்ல நிஸ்தார் மட்டுமே இருந்தார்.

அறுவடை இயந்திரம் காத்திருந்ததால் அவர் மகளோடு வயலுக்குப் போக வேண்டியிருந்தது. வரம்பில் வைத்து, தன்னுடைய நிழல் தன்னைவிட்டுப் போகவில்லையென்று நஸ்ஹா பாரமானாள். நிஸ்தார் பன்னிரண்டு மணியிலிருந்து இரண்டரைவரை, தொப்பியைக் கழற்றி மகளின் முகத்துக்கு நிழல் பிடித்தபடி அந்த வரம்பில் இருந்தார். பகல் சாப்பாடு இல்லை. கெஞ்சினார், கத்தினார் என்று இயந்திரம் ஓட்டியவர் பிறகு சொன்னார். இயந்திரம் அவர்களைச் சுற்றி வெட்டியது. வரம்போரம் ஒரு பாயளவு வெள்ளாமை அப்படியே நின்றது.

நாலு மணிக்கு அவர் திரும்பி வந்தபோது, றமீஸா எழும்பி உட்கார்ந்து அன்னப்பூரணியோடு கச்சான் கடலை சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். "எண்ட மகன் மிதக்கிறவன்" என்று அன்னப்பூரணி சொல்லிக்கொண்டிருந்தாள். "அஞ்சு வயசு மட்டும் கயித்திலதான் கட்டி வெச்சிருந்தன். இப்ப பள்ளிக்கூடம் போறான், சப்பாத்துப் பாரத்தில நிக்கிறான்." றமீஸா சிரித்தாள். அவள் சிரித்து எவ்வளவு காலமென்று நிஸ்தார் கணக்குப் பார்க்க முயன்று, முடியாமல் விட்டார்.

"றமீஸா, இவள் சரியான பாரம்" என்றார்.

"ஓம்."

"ஒவ்வொரு நாளும் இப்பிடியா?"

"வெள்ளிக்கிழமை கொஞ்சம் கொறவு."

அவர் பாயின் ஓரத்தில் உட்கார்ந்தார். றமீஸா கச்சானை அவர் பக்கம் தள்ளிவிட்டாள். மன்னிப்பு எதுவும் கேட்கப்படவில்லை. ஆனால் அடுத்த பாதை வந்தபோது பையையும் குடையையும் அவர்தான் தூக்கினார். நஸ்ஹா தானாக ஏறும்வரை இருபது பேர் பொறுத்து நின்றார்கள்.

நஸ்ஹாவுக்கு இப்போது ஐந்து வயது. பாரமாவது குறைந்திருக்கிறது, கடைசியாக நிறுத்தபோது நானூறு கிலோ. றமீஸா புதன்கிழமைகளில் இரண்டு மணியிலிருந்து நாலு மணிவரை அறையைச் சாத்திக்கொண்டு பாரமாகக் கிடக்கிறாள். கட்டிலின் கால்கள் தாங்காததால் மெத்தையை நிலத்தில் போட்டிருக்கிறார்கள். அந்த நேரம் சாரன் கடை பூட்டியிருக்கும். பூட்டுகிற நேரத்தில் யாராவது வந்து காரணம் கேட்டால், "வீட்ட பாரம்" என்கிறார் நிஸ்தார். வந்தவர்கள் சரியென்று சொல்லிவிட்டு வியாழக்கிழமை வருகிறார்கள்.