பெயருக்குப் பின்னால் ஒரு நிமிடம்

விளம்பரப் பட இயக்குநர் எக்ஸ்ரே, தலையணையின் ஓரத்தைப் பிளேடால் கீறிக்கொண்டிருந்தபோதுதான் அந்தத் தொலைபேசி அழைப்பு வந்தது. அது அன்பளிப்பாக வந்த தலையணை. தலையணைக் கம்பெனிக்கு ஒரு விளம்பரக் குறும்படம் எடுத்துக் கொடுத்ததற்காக அதன் முதலாளி மனம் குளிர்ந்து தந்தது. மனம் குளிர்ந்து தந்ததுதான் எக்ஸ்ரேவுக்கு இடித்தது. உள்ளே இருப்பது புதுப் பஞ்சா, எவனோ படுத்துப் புரண்ட மெத்தையைப் பிரித்து அடைத்ததா என்று தெரியாமல் அதில் தலை வைப்பதில்லை என்று மாதக்கணக்கில் வெறும் கையை மடித்து வைத்துத் தூங்கினார். கழுத்து ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டது. கோணினாலும் பரவாயில்லை, ஏமாறவில்லை அல்லவா.

எக்ஸ்ரே என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. விளம்பரப் படம் எடுக்கிற வட்டாரம் பார்த்துப் பார்த்துச் சூட்டியது. கடிகாரக் கடைக்காரர் மணி சொன்னால், அதைச் சரிபார்க்க எதிர்க் கடைக்கு நடப்பவர் அவர். பல் டாக்டர் பிடுங்கிய பல்லைக் கையில் வாங்கி, "இது என்னோடதுதானா?" என்று கேட்டு, ரத்தம் நிற்கும் முன் மறுபடி வாயில் வைத்துப் பொருத்திப் பார்த்தவர். கண்ணாடி முன் நின்று தலை வாரும்போதுகூட, எதிரில் இருக்கிறவன் தனக்கு முன்னால் வகிடு எடுத்துவிடுகிறானோ என்று ஒரு கண் வைத்தபடிதான் வாருவார்.

அழைத்தது ஒரு தொலைக்காட்சி நிருபர். பெண் குரல், நல்ல உற்சாகம்.

"சார், வாழ்த்துக்கள் சார். சிறந்த விளம்பரக் குறும்படத்துக்கான தேசிய விருது உங்க தலையணைப் படத்துக்கு."

"சரிம்மா. ஓடிபி சொல்லணுமா?"

"ஐயோ, அதெல்லாம் வேணாம் சார்."

"ஏன் வேணாம்?"

நிருபர் பேச்சை மாற்றினார். டிவியைப் போட்டுப் பார்க்கச் சொன்னார். மதியம் பேட்டி எடுக்க வீட்டுக்கு வருவதாகவும் சொல்லி வைத்துவிட்டார். எக்ஸ்ரே தலையணையைப் போட்டுவிட்டு டிவியைப் போட்டார். முதலில் அந்தச் சேனல். பிறகு, அந்தச் சேனல் இவரை ஏமாற்றுவதற்கென்றே தொடங்கப்பட்டதாக இருந்தால் என்ன செய்வது என்று இன்னும் இரண்டு சேனல். எல்லாவற்றிலும் அதே செய்தி. நடுவர் குழுத் தலைவி, குட்டையாக வெட்டிய வெள்ளைத் தலை, மூக்கு நுனியில் கண்ணாடி, பேசிக்கொண்டிருந்தார்.

"படம் முடிஞ்சு, பேரெல்லாம் போட்டாச்சுன்னு நாங்க எழுந்துக்கப் போனோம். அதுக்கப்புறம் வந்தது அந்த ஒரு நிமிஷம். தலையணை விக்கிற படம், கடைசியில எதையும் விக்காம, நம்மள ஒரு நிமிஷம் சும்மா உக்கார வைக்குது. அந்த மௌனத்துக்குத்தான் இந்த விருது. அதுல நடுவுல நிக்கிறாரு பாருங்க ஒரு மேற்பார்வையாளர், யாரையும் நம்பாத கண்ணு. அந்த நடிகர் எங்கிருந்து கிடைச்சார்னு தெரியல."

எக்ஸ்ரே டிவியின் சத்தத்தைக் கூட்டி வைத்துக் கேட்டார். அவர் எடுத்த படத்தில் மௌனம் என்ற சரக்கே கிடையாது. வாய்ஸ் ஓவரை அவரே எழுதியிருந்தார். முதல் காட்சியில் தொடங்கும் குரல் கடைசிவரை மூச்சு வாங்காது. பேசியவர் இடையில் தண்ணீர் கேட்டதற்கு, இப்போது குடித்தால் மௌனம் விழும், படம் முடிந்ததும் குடிக்கலாம் என்று சொல்லிவிட்டார். மேற்பார்வையாளர் என்று ஒருவரும் அதில் நடிக்கவில்லை. ஆகவே விருது வாங்கியது அவருடைய படம் இல்லை. அவருடைய பெயரில் வேறு ஏதோ படம் போயிருக்கிறது. யாரோ மாற்றியிருக்கிறார்கள்.

யாரோ என்ன யாரோ. படத்தைத் தொட்டவர்களே மூன்று பேர்தான். கேமரா பிடித்தது மனைவியின் தம்பி. வெட்டி ஒட்டியது மனைவி. சத்தம் பதிந்தது உஷ் அண்ணன். உஷ் அண்ணன் சத்தத்தைத் தவிர இந்த உலகத்தில் எதையும் கவனிக்காதவர், வாயைத் திறந்தால் உஷ் என்பதைத் தவிர வேறு சொல் வராது. அவரால் சதி செய்ய முடியாது, சதிக்குப் பேச வேண்டியிருக்கும். மனைவியை நினைத்தால் அடுத்த வேளைச் சாப்பாடும் கூடவே நினைவுக்கு வந்தது. ஆகக் கூட்டிக் கழித்துப் பார்த்ததில் மைத்துனன்தான் மிஞ்சினான்.

மைத்துனன் மாடி அறையில் லென்ஸ் துடைத்துக்கொண்டிருந்தான். டிவி பார்க்கவில்லை. மாமா படியேறி வரும் ஓசையிலேயே ஏதோ காணாமல் போயிருக்கிறது என்று புரிந்துகொண்டு, வழக்கம்போல் சட்டைப் பையைத் தானே வெளியே இழுத்துக் காட்டினான்.

"மாப்ள, நம்ம படத்துல கடைசில என்ன இருக்கு?"

"உங்க பேர் இருக்கு மாமா."

"அதுக்கப்புறம்?"

"உங்க பேருக்கப்புறம் இந்த வீட்டுல எதுக்கு இடம் இருக்கு?"

எக்ஸ்ரே சிரிக்கவில்லை. விருது வந்த சேதியையும், மதியம் பேட்டிக்கு ஆள் வருவதையும் சொன்னார். மைத்துனனின் முகம் மலர்ந்தது, அவன் எழுந்து கையைப் பிடிக்க வந்தான். அந்த மலர்ச்சியையும் எக்ஸ்ரே மேலும் கீழும் பார்த்தார். முன்கூட்டியே தெரிந்தவன் மலர்கிற மாதிரி அவருக்குப் பட்டது.

"என் படத்த எடுத்துட்டு உன் படத்த அனுப்பி வெச்சிருக்க. நாளைக்கு மேடையில நான் நிக்கிறப்ப, 'அது நான் எடுத்தது'ன்னு எழுந்து சொல்லப் போற. அதானே?"

மைத்துனன் நீட்டிய கையை மடக்கிக்கொண்டான். லென்ஸுக்கு மூடியைப் போட்டான். சரியாக விழுந்ததா என்று தட்டிப் பார்த்தான்.

"மூடி தொலைஞ்சா என்னத் தேடுனீங்க. பேட்டரி தீர்ந்தா நான் தின்னுட்ட மாதிரி பார்த்தீங்க. சரி, மாமா அப்படித்தான்னு அக்காவுக்காக இருந்தேன். திருடன்னே சொல்லிட்டீங்க. அந்தப் பேட்டி முடிஞ்சதும் நான் கெளம்பறேன்."

"ஏன், பேட்டி வரைக்கும் என்ன வேலை?"

"இப்பவே போனா எதையோ தூக்கிட்டு ஓடுறான்னு சொல்வீங்க. அவங்கல்லாம் இருக்கறப்பவே போறேன். பை தொறந்தேதான் இருக்கும், பார்த்துக்குங்க."

கீழே மனைவி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கோபம் வந்தால் சத்தம் வராது, கைவேலை வரும். கூடத்தில் கிடந்த தலையணையை மடியில் போட்டு, கீறல் வழியாக எட்டிப்பார்த்த பஞ்சை விரலால் உள்ளே அமுக்கி, அகல அகலமாக ஏனோதானோ என்று தைத்துக்கொண்டிருந்தாள். பஞ்சைப் பார்த்துவிட்டுத் தைக்கக் கூடாதா என்று எக்ஸ்ரேவுக்கு நாக்கு நுனிவரை வந்தது. ஊசியைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். அவள் நூலைப் பல்லால் கடித்துவிட்டு எழுந்தாள். எடிட்டிங் நடக்கும் பின்னறைக்குப் போய்க் கணினியைத் திறந்தாள்.

"வாங்க. உக்காருங்க. உங்க பேர் வந்ததும் எழுந்துக்காதீங்க."

அதில்தான் இருந்தது விஷயம். எக்ஸ்ரேவுக்கு ஒரு பழக்கம் உண்டு. தன் படத்தைத் தானே போட்டுப் பார்க்கும்போதும், இயக்கம் என்று போட்டுத் தன் பெயர் வந்ததும் சட்டென்று எழுந்து நிற்பார். சட்டைக் கையை இறக்கிவிட்டு, நிறுத்தும் பொத்தானை அழுத்திவிட்டு, பாராட்டுக்குத் திரும்புவார். அதற்குமேல் படம் ஓடவிட்டதே இல்லை. கம்பெனி முதலாளிக்குப் போட்டுக் காட்டியபோதும் அப்படித்தான். விருதுக்கு அனுப்பும் முன் சரிபார்த்தபோதும் அப்படித்தான். அவருடைய பெயருக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று இந்த வீட்டில் ஒருவரும் பார்த்ததில்லை. நடுவர்கள் அவர் வீட்டு மனிதர்கள் இல்லையே, அவர்கள் ஓடவிட்டிருக்கிறார்கள்.

பெயர் வந்தது. எக்ஸ்ரேவின் முழங்கால் தானாக நிமிர்ந்தது. மனைவி தோளில் கையை வைத்து அமுக்கினாள். திரை கறுத்தது. ஒரு மூச்சு விடுகிற நேரம். பிறகு தலையணைக் கம்பெனியின் பெரிய கூடம் வந்தது.

பஞ்சு அடிக்கும் எந்திரங்கள் நின்றிருந்தன. தைக்கும் பெண்கள் ஊசியைப் பிடித்த கையோடு நின்றிருந்தார்கள். மூட்டை தூக்குகிறவர் மூட்டையை இறக்காமலே நின்றிருந்தார். கூடம் முழுக்க, அதுவரை எந்திரக் காற்றில் பறந்துகொண்டிருந்த பஞ்சு, காற்று நின்றதும் அவசரமே இல்லாமல் கீழே இறங்கிக்கொண்டிருந்தது.

எக்ஸ்ரேவுக்குப் புரிந்துவிட்டது. ஒவ்வொரு படப்பிடிப்பு முடியும்போதும் உஷ் அண்ணன் செய்கிற வேலை அது. எல்லாரையும் அப்படியப்படியே நிற்கவைத்து, ஒரு நிமிடம் அந்த இடத்தின் அமைதியைப் பதிந்துகொள்வார். வசனத்துக்கு நடுவில் வெட்டு விழுந்த இடங்களில் ஒட்டுப்போட அது வேண்டும். ஒரு அறையின் அமைதி இன்னொரு அறைக்கு ஒட்டாது. அதற்குச் சத்தம் மட்டும் போதும், கேமரா வேண்டியதில்லை. ஆனால் பேட்டரியை மிச்சம்பிடிக்க மைத்துனன் சீக்கிரம் அணைத்துவிடுகிறான் என்று சந்தேகப்பட்டு, நான் கட் சொல்லாமல் கேமராவை அணைக்கக் கூடாது என்று அன்று காலையில்தான் எக்ஸ்ரே உத்தரவு போட்டிருந்தார். அந்த நிமிடத்தில் யாராவது அசைந்து கெடுத்துவிடுவார்கள் என்று கூட்டத்துக்கு நடுவில் தானே போய்க் காவலும் நின்றார். காவல் நின்றவர் கட் சொல்ல மறந்துபோனார்.

"அந்தத் துண்டைக் கடைசில ஓரமாப் போட்டு வெச்சுக்குவேன்," என்றாள் மனைவி. "தேவைக்கு வெட்டி எடுத்துட்டு, முடிஞ்சதும் அழிச்சிடுவேன். அன்னிக்கு அழிக்க விட்டீங்களா? உங்க பேரவிட என் தம்பி பேரு பெருசா இருக்கான்னு மானிட்டர்ல ஸ்கேல் வெச்சு அளந்துட்டு இருந்தீங்க. எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்துது. அத அழிக்காமலே அனுப்பற பட்டன அமுக்கிட்டேன், அது மொத்தமாப் போயிருக்கு."

திரையின் நடுவில் எக்ஸ்ரே நின்றுகொண்டிருந்தார். ஊர் உலகமே உறைந்து நிற்க, அவருடைய கண்மணிகள் மட்டும் கூண்டுக்குள் அகப்பட்ட இரண்டு எலிகளைப் போல இங்கும் அங்கும் ஓடின. தைக்கிற பெண்ணைப் பார்த்தன, அவள் இமைக்கப் போகிறாளா என்று. மூட்டைக்காரரைப் பார்த்தன, அவர் தும்மப் போகிறாரா என்று. தலையில் பஞ்சு விழுந்தது, புருவத்தில் விழுந்தது, மீசையில் விழுந்தது. கிழவராகிக்கொண்டே கண்களை உருட்டினார். கடைசியில் அந்தக் கண்கள் நேராகக் கேமராவைப் பார்த்தன. கேமராவுக்குப் பின்னால் மைத்துனன் இருந்தான். அவனும் அசைகிறானா என்று பார்த்திருக்கிறார்.

படம் லேசாக நடுங்கியது. மறுபடியும் நடுங்கியது. அவன் சிரிப்பை அடக்கியிருக்கிறான், கேமரா முக்காலி ஆடியிருக்கிறது.

அப்போது திரையில் இருந்தவரின் உதட்டோரம், பஞ்சு மீசைக்குக் கீழே, கொஞ்சம் இழுத்துக்கொண்டது. அதோடு படம் முடிந்தது.

"கடைசில நான் சிரிச்சேனா?" என்றார் எக்ஸ்ரே.

"அது உங்களுக்குத்தான் தெரியணும்."

அவருக்குத் தெரியவில்லை. தன் முகத்தையே நம்பலாமா என்று இன்னொரு தடவை போடச் சொன்னார். அவள் போடவில்லை.

"அவங்க வந்து இந்த நிமிஷம் எப்படி வந்துதுன்னு கேப்பாங்க. என்ன சொல்லப் போறீங்க?"

"தெரியாம வந்துடுச்சுன்னு சொன்னா விருத திருப்பி வாங்கிடுவாங்களா?"

"தெரியாது."

"யோசிச்சு வெச்சேன்னு சொன்னா?"

"விருது உங்ககிட்டயே இருக்கும்," என்றாள். "நான் இந்தக் கதவுகிட்ட நின்னு கேட்டுட்டு இருப்பேன். அவ்வளவுதான்."

மேலே மைத்துனன் பையை இழுக்கும் ஓசை கேட்டது.

மதியம் நிருபர் வந்தார். கூட ஒரு கேமராக்காரர், காதில் ஹெட்போன் மாட்டிய ஒரு சவுண்டுக்காரர். எக்ஸ்ரே மூவரின் அடையாள அட்டைகளையும் வாங்கி, முன்னும் பின்னும் பார்த்து, புகைப்படத்தை முகத்தோடு ஒப்பிட்டு, கொஞ்சம் மனக்குறையோடு திருப்பிக் கொடுத்தார். சோபா நடுவில் குழிந்திருந்ததால், அவர் நிமிர்ந்து உட்கார முதுகுக்குப் பின்னால் என்ன வைப்பது என்று நிருபர் தேடினார். கைக்கு அகப்பட்டது அந்தத் தலையணைதான். "பொருத்தமா இருக்கு சார்," என்று தட்டித் தட்டி வைத்தார்.

வாசலருகே மைத்துனன் வந்து நின்றான். காலடியில் பை, சொன்னபடியே வாய் திறந்திருந்தது. மடித்த சட்டைகள், துடைக்கிற துணி, ஒரு சீப்பு. பின்னறைக் கதவில் சாய்ந்து மனைவி நின்றாள்.

"முதல் கேள்வி என்னன்னு சொல்லிடறேன் சார், யோசிச்சு வைங்க," என்றார் நிருபர். "அந்தக் கடைசி நிமிஷம் யாரோட யோசனை? அதுல இருந்துதான் ஆரம்பிக்கறோம்."

எக்ஸ்ரே வாயைத் திறந்தார்.

"ஒரு நிமிஷம் சார்," என்று சவுண்டுக்காரர் கையை உயர்த்தினார். "ஃபேன நிறுத்திடுங்க. முதல்ல இந்த ரூமோட அமைதிய மட்டும் எடுத்துக்கறேன். நான் கைய இறக்கற வரைக்கும் யாரும் பேசாதீங்க, அசையாதீங்க."

ஃபேன் வேகம் குறைந்து, தள்ளாடி, நின்றது. எக்ஸ்ரே மூச்சைப் பிடித்துக்கொண்டு பின்னால் சாய்ந்தார். முதுகுக்குப் பின்னால், மனைவி கோபத்தில் போட்ட தையல் ஒவ்வொன்றாக விட்டுக்கொடுத்தது அவருக்கு முதுகிலேயே தெரிந்தது. திரும்பிப் பார்க்க முடியாது. தோளுக்கு மேலாக முதலில் ஒரு பஞ்சு எழும்பியது, பிறகு ஒன்று, பிறகு அடைபட்டிருந்த மொத்தமும். ஜன்னல் வெயிலில் வந்து மிதந்தபோது அவர் கண்ணுக்கு நேராகவே தெரிந்தது. வெள்ளை வெளேரென்று புதுப் பஞ்சு.

அவருடைய கண்கள் பழக்கத்தில் நகர ஆரம்பித்தன. நிருபரைப் பார்த்தன. கேமராக்காரரைப் பார்த்தன. கதவில் சாய்ந்திருந்தவளைப் பார்த்தன, அவள் அவரையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் வாசலுக்குப் போய் மைத்துனன் மேல் நின்றன. அவன் உதட்டை உள்ளுக்கு மடித்துக் கடித்திருந்தான். தோள்கள் குலுங்கிக்கொண்டிருந்தன. இந்தப் பக்கம் எக்ஸ்ரேவின் புருவத்தில் ஒன்று வந்து உட்கார்ந்தது. மீசையில் ஒன்று. அவர் அசையவில்லை.

சவுண்டுக்காரரின் கை இன்னும் உயர்ந்தே இருந்தது. ஒரு பஞ்சு மட்டும் கூட்டத்தை விட்டு விலகி, வாசல் பக்கமாக, திறந்திருந்த அந்தப் பையின் மேல் இறங்கலாமா வேண்டாமா என்பதுபோல் சுற்றிக்கொண்டிருந்தது.