முள் நூறுக்குக் கீழே

காலை எட்டு மணிக்குக் காற்றடிக்கும் கைப்பம்பைப் பிடித்த போர்க்காரருக்கு மதியத்துக்குள் தோள்பட்டை விட்டுப்போயிற்று. அக்கா வீட்டுக் கொல்லையில் பதினைந்து வருஷத்துக்கு முன் தானே போட்ட போர்க்கிணற்றை இன்று தானே ரிப்பேர் செய்துகொண்டிருந்தார். கூட வேலை செய்யும் மச்சானுக்கு வழக்கம்போல முதுகுவலி.

பழைய குழாய்க்குள் சின்னக் குழாய் ஒன்றை எண்பது அடிக்கு இறக்கியாயிற்று. அதன் அடியில் சட்டை மாட்டியதுபோல் ஒரு ரப்பர் பலூன். காற்றடித்ததும் அது உப்பிப் பாறையோடு ஒட்டிக்கொண்டது. அதற்கு மேல், குழாயைச் சுற்றிச் சிமெண்டுக் கரைசலை ஊற்றிவிட்டார். அது இறுகினால் மேலிருந்து கசியும் சாக்கடைக்கு உள்ளே வழியில்லை.

பலூன் புதுசுதான். காற்றுக்குழாய் அவரைப்போலவே பழசு, எங்கோ கசிந்தது. மீட்டரின் முள் நூறுக்குக் கீழே இறங்கும்போதெல்லாம் பம்பை அடித்து ஏற்ற வேண்டும். சிமெண்டு இறுகும்வரை, சாயங்காலம்வரை ஒண்ணுக்குப் போகக்கூட எழ முடியாது. எழுந்தால் பலூன் சுருங்கி, சிமெண்டு மொத்தமும் கிணற்றில் இறங்கி ஊற்றுக்கண்ணை அடைத்துவிடும். அக்காவுக்கு வேறு தண்ணீர் கிடையாது.

குட்டை மதிலுக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டம்மா துணி காயப்போட வந்தாள். அக்கா பிடித்துக்கொண்டாள்.

"இவங்க கக்கூஸ் தொட்டி ஒழுகும், எம்புள்ள மஞ்சக்காமாலையில படுப்பான். நல்லா இருக்கு நியாயம்!"

ஒரு தட்டில் சாப்பிட்டவர்கள். ஒரு வருஷமாக இப்படித்தான், அரைத்த மாவையே அரைக்கிறார்கள்.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம். போர் போட்ட அன்றைக்கு மெஷினை அடுத்த இடத்துக்கு ஓட்டும் அவசரத்தில், குழாயைச் சுற்றிச் சிமெண்டு இறக்காமல் மண்ணைத் தள்ளி மூடியவர் போர்க்காரர். மேலே மட்டும் ஒரு சாண் உயரத்துக்கு அழகாகப் பூசிவிட்டார். இந்தச் சண்டை தொடங்கினாலே, வேலை இருக்கிறது என்று எழுந்து போய்விடுவார். இன்று வேலையே இங்கேதான். அவருக்கு ஓடி ஓடியும் அலுத்துவிட்டது.

"அக்கா, நிறுத்து. தப்பு அவங்க மேல இல்ல. நான்தான் அன்னிக்குச் சிமெண்டு போடல. மண்ணப் போட்டு மூடிட்டேன்."

அக்கா அவர் பக்கம் திரும்பினாள்.

"எப்போலேர்ந்து தெரியும்?" என்றாள் அக்கா.

"தண்ணி நாறின அன்னிக்கே."

பக்கத்து வீட்டம்மா கையிலிருந்த ஈரத்துணியை மெதுவாகக் கொடியில் போட்டாள். "ரெண்டு தடவ தொட்டிய இடிச்சுக் கட்டினோம் தம்பி. எங்க வீட்டுக்காரர் தன் கையால தோண்டினாரு. அப்பவும் நீங்க எங்க வாசல்லதான் நின்னீங்க. 'ஆழமா தோண்டுங்க'ன்னு சொன்னீங்க."

சொன்னது உண்மைதான். போர்க்காரருக்குச் செத்துத் தொலையலாம் என்றிருந்தது. அக்கா அவரை நோக்கி வந்தாள். அடிக்கத்தான் வருகிறாள் என்று நினைத்தார். வாங்கிக்கொள்ளவும் தயாராக இருந்தார்.

"முள்ளு இறங்குது பாரு" என்றாள். "அடி. இதையாவது ஒழுங்கா முடி."

அவர் அடித்தார். அக்கா மதில் பக்கம் போனாள். எட்டி, பக்கத்து வீட்டம்மாவின் வாளியிலிருந்து ஒரு துணியை எடுத்துப் பிழிய ஆரம்பித்தாள்.

வாளியை அந்த அம்மா தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.